அறுபத்திரண்டாம் வருடத்துச் சத்தம்

அத்தியாயம் 9

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் பாபு சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தோடு உங்களை அம்போவென்று விட்டுவிட்டேன். "நாளைக்கு ரெண்டு கிதாரையும் கழட்டிப் பாத்துடலாண்ணே" என்றான் அவன். அதைக் கேட்ட மஞ்சுளாவுக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று சொல்லாமல் நிறுத்தியதற்கு எனக்கு வந்திருக்கும் திட்டுக் கடிதங்களைத் தூக்கி வந்த தபால்காரர்தான் பாவம். இதோ, சொல்லிவிடுகிறேன்.

பென்னலூர் ராஜாமணியிடம் ஓர் எலக்ட்ரிக் கிதார் இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் செய்தது. பெரம்பூர் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியர் ஒருவர், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. பள்ளிக்கூட வேன் ஓட்டுவது ராஜாமணிக்குப் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும், முகூர்த்த நாளில் கல்யாணக் கச்சேரியிலும் அந்தக் கிதாரை வாசிப்பதுதான் அவருக்கு உயிர்.

அவருடைய தம்பி பாபு சிங்கப்பூரில் இருக்கிறான். எட்டு வருடமாய்க் கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டும் வேலை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விடுமுறை நாளில் அங்கே ஒரு சீனக் கிழவரின் கிதார் ரிப்பேர்க் கடையில் கூடமாட இருந்து தொழில் பழகியிருக்கிறான். கிழவர் அவனிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே யார் கையும் படாத அறுபத்திரண்டு மாடல் ஒன்று கொண்டுவந்தால், அவனைக் கடையிலேயே வைத்துக்கொள்வாராம். பிரித்து மாட்டாத பழசுக்கு அங்கே கொள்ளை விலையாம்.

அதே கம்பெனி அதே மாடலை இப்போது அச்சு அசலாய் மறுபடி செய்து விற்கிறது. அப்படி ஒரு புதுக் கிதாரை வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு முன் ஊருக்கு வந்து, "இத நீ வெச்சுக்கண்ணே, அத எனக்குக் குடு" என்று கேட்டான் பாபு. தாய் தகப்பன் போனபின் அவனைத் தோளில் போட்டு வளர்த்த அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எடுத்துக்கினு போடா" என்று சொல்லிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை பாபுவுக்கு விமானம்.

யார் கையும் படாதது என்றார் அல்லவா கிழவர், மஞ்சுளாவுக்குச் சோறு இறங்காமல் போனது அந்த இடத்தில்தான். ராஜாமணியின் ஒரே மகளான அவள் அந்தக் கிதாரின் வயிற்றுக்குள் கை வைத்திருக்கிறாள். மூன்று வருடமாய் அது யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அவளுக்கு மூன்று தடவை கம்பி அறுந்துவிட்டது.

பெங்களூர் ரோட்டோரம் இருக்கிறது அவள் வேலை செய்யும் சின்னக் கம்பெனி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் ரிலேக்களுக்கு அங்கே காயில் சுற்றுகிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. சுழற்றுவது மெஷின், கம்பியை விரல் இடுக்கில் பிடித்துப் பதம் பார்த்து விடுவது பெண்கள். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் காயில் உப்பிவிடும். பெண் விரலுக்குத்தான் இது வரும் என்று முதலாளி மேடையில் பெருமையாகச் சொல்வார். அந்த விரலுக்குக் கொடுக்கிற சம்பளத்தை மட்டும் மேடையில் சொல்ல மாட்டார்.

"இன்னாம்மா பதினேழு, ஒயரு அறுந்துகினே கீது? வூட்ல எதுனா பிரச்சினையா?" என்று வந்து நின்றார் சூப்பர்வைசர் தணிகாசலம். பதினேழு என்பது மஞ்சுளாவின் டோக்கன் நம்பர்.

"சார், மத்தியானம் பர்மிஷன் வேணும்."

"சனிக்கெழம ஓ.டி. போட்டுக்கீதே?"

"ஓ.டி. வேணாம் சார். வூட்டுக்குப் போய் ஒரு உண்மையச் சொல்லணும்."

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "லவ்வா?"

"அதுவா இருந்தா நேத்தே சொல்லியிருப்பேன் சார்."

"சரி தாயி, கெளம்பு. என் லைன்ல மிச்ச ஒயராவது பொழைக்கட்டும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

எண்பத்தெட்டு நவம்பர். ராஜாமணி வயிற்று ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தார். துணைக்கு மனைவி ஞானம்மா. கிளம்பும்போது மகளிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கிதார பரண் மேல தூக்கி வெச்சுடு." அவள் மறந்துபோனாள். ஓடு ஒழுகி, இரண்டு நாள் மழை கிதார் உறைமேல் சொட்டிக்கொண்டே இருந்தது. துடைத்துக் காயவைத்து ஒயரைச் சொருகி மீட்டினால், அப்பா எப்போதும் ஸ்விட்ச்சைத் தள்ளி வாசிக்கும் பக்கம் ஊமை.

பயந்துகொண்டே கழற்றிப் பார்த்தாள். கிதார்க் கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப் இருக்கும். கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காது அது. ஆறு காந்தக் குச்சியைச் சுற்றி, தலைமுடிக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. 'அட, இது நம்ம காயில்தானே!' ஒன்று மட்டும் பச்சைக் களிம்பு ஏறி அறுந்திருந்தது. ஸ்டோரில் கெஞ்சி மிச்சக் கம்பி வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் சுற்றினாள். பக்கத்துப் பிக்கப்பை மீட்டரில் வைத்துப் பார்த்து, அதே அளவு வந்ததும் நிறுத்தினாள். வார்னிஷ் பூசினாள். பிறகு கை பழக்கத்தில், பிரஷ்ஷை எடுத்து வெள்ளைப் பெயின்டில் '17' என்று போட்டுவிட்டாள். நம்பர் போடாத காயில் அவள் மேஜையை விட்டு நகர்ந்ததே இல்லை.

மூடித் திருகாணி போட்ட பிறகுதான் அது உறைத்தது. மறுபடி திறக்கலாம் என்று உட்கார்ந்தபோது வாசலில் ஆட்டோ. அப்பா தையல் பிரிக்காத வயிற்றோடு வந்து, காபிகூடக் குடிக்காமல் கிதாரைக் கேட்டார். வாசித்தார். கண்ணில் தண்ணீர் வழிய, "பாத்தியா ஞானம்மா? இன்னா மழ பேஞ்சாலும் பழசு பழசுதான்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நீங்களாய் இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மஞ்சுளா வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு கிதாரும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஓரம் கறுத்து நடுவில் மஞ்சளாய் விரிகிற அதே நிறம், அதே உடம்பு. நல்லவேளை, திருப்புளியை இன்னும் யாரும் தொடவில்லை. அண்ணனும் தம்பியும் பெண் பார்க்கப் போன சம்பந்திகள் மாதிரி குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள்.

"தூக்கிப் பாருண்ணே. புதுசு கனம்."

"பழசு காஞ்ச கட்டடா. முப்பது வருசமா காத்து குடிச்சிக்கீது."

"கழுத்தப் புடி. புதுசு ஓரத்துல இன்னும் கூர்மை போவல. உன்து உன் கட்டவெரலுக்கு ஏத்தா மாரி தேஞ்சிடுச்சி. இங்க பாத்தியா, புதுசோட கழுத்துல வார்னிஷ்ல வேணும்னே மஞ்சக் கலந்துக்கீறான். பழசு மாரி தெரியணுமாம்."

ராஜாமணி விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மூர்ல கல்யாணத்துக்கு வயசக் கொறைப்பாங்க, அவன் கூட்டுறானா! நல்லா கீதுடா நியாயம்."

"சிரிக்காத. சுருதி நிக்கறதுல புதுசுதான் மேல. காலைலேருந்து முடுக்கவே இல்ல. உன்து மூணு தபா எறங்கிடுச்சி."

"எறங்கும். எனக்குந்தான் பாட்டுல மூணு தபா சுருதி எறங்குது, என்ன வெளிய தூக்கிப் போட்டுடுவியா?"

"ரெண்டும் ஒண்ணாதான் கீது. இதுக்கு ஒரு பட்டிமன்றம்!" என்று அடுப்படியிலிருந்து ஞானம்மா குரல் கொடுத்தாள். "கருவாட்டுக் கொழம்பு ஆறுது. மஞ்சு, நீ இன்னா அரை நாளுல வந்துட்ட? ஒடம்பு சரியில்லயா?"

"இல்லம்மா. நைனா, ஒரு விஷயம் சொல்லணும்."

"இருடி கண்ணு, ஒரு டெஸ்ட்டு வெச்சுக்கீறோம். நீதான் ஜட்ஜு."

ராஜாமணி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆம்ப்ளிபயர் லேசாய் ரீங்காரமிட்டது. சர்ச்சில் காணிக்கை எடுக்கும்போது அவர் வாசிக்கிற மெட்டை, பாபு முதலில் ஒரு கிதாரிலும், ஒயரை மாற்றி அதே மெட்டை இன்னொன்றிலும் வாசித்தான். முதல் சத்தம் கழுவி வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி சுத்தமாக இருந்தது. இரண்டாவது ஆரம்பித்து நாலு சுரம்கூட ஆகவில்லை, ராஜாமணி கையைத் தூக்கிவிட்டார்.

"நிறுத்து. இதான் என்து."

"கரெக்ட்டுதான். எப்டிண்ணே?"

"மொதலாவது நல்லா கீதுடா, கொற சொல்ல மாட்டேன். ரெண்டாவது கொஞ்சம் தொண்ட கட்டின மாரி, நம்மள பேர் சொல்லிக் கூப்டற மாரி கீது. அறுபத்திரண்டாம் வருசத்துச் சத்தம். அத எவன் புதுசா செஞ்சாலும் வராது." அவர் இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். "ஆஸ்பத்திரிலேருந்து வந்தன்னிக்கி இத வாசிச்சேன்ல? நான் பொழச்சிக்கினேன்னு அப்பத்தான் எனக்கே நம்பிக்க வந்துச்சி. எடுத்துக்கினு போ பாபு. உன் மூச்சவிட இது பெருசில்ல எனக்கு."



"சரிண்ணே, உள்ளயும் ஒரு தபா பாத்துட்டு மூட்ட கட்டிடலாம். கெழவர் மொதல்ல அதத்தான் பாப்பாரு" என்று பாபு திருப்புளியை எடுத்தான்.

மஞ்சுளா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறக்காத சித்தப்பா. அதுல என் நம்பர் கீது."

அவ்வளவு ஒத்திகை பார்த்தும் வந்தது அந்த ஒரு வரிதான். அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். பரண், மழை, பச்சைக் களிம்பு, ஸ்டோர்க் கம்பி, சாப்பாட்டு நேரம், வெள்ளைப் பெயின்ட். சொல்லும்போது அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். ராஜாமணி திரும்பவே இல்லை.

பாபு திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினான். கருத்துப்போன இரண்டு பழைய காயில்கள். அவற்றுக்குப் பக்கத்தில், தேன் நிறத்தில் பளபளவென்று ஒன்று. அதன் இடுப்பில் வெள்ளையாய் 17.

"அடியே, கோட்டான்!" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள் ஞானம்மா.

"தொட்ட கிதாரா ஆயிடுச்சில்ல, சித்தப்பா? அவரு வாங்க மாட்டாருல்ல?"

பாபு அந்தக் காயிலின் மேல் ஒரு விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தான்.

ராஜாமணி இப்போதுதான் திரும்பினார். முகம் கல்லாய் இருந்தது. "மூணு வருசமா ஊர் பூரா பழசு பழசுன்னு பீத்திக்கினு திரிஞ்சேன். சர்ச்சுல, கல்யாண வூட்ல, டீக்கடையில. உனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா இருந்திருக்கும்ல?"

"சிரிக்கல நைனா!" என்று கத்தியே விட்டாள் அவள். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் நீ ஸ்விட்ச்சப் போடும்போது, கர்த்தரே அறுந்துடக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிக்கினு உக்காந்துருப்பேன். பிரசங்கம் ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல. உன் கிதார நனையவுட்டவ நானு. அத எப்டி நைனா உன்கிட்ட சொல்வேன்?"

குழம்பு ஆறிப்போன வாசனை மட்டும் வீட்டில் இருந்தது. ராஜாமணி எழுந்து வந்து, திறந்து கிடந்த கிதாரைக் குனிந்து பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் தெரியாது. மகள் தன் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எத்தினி சுத்து இது?"

"எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கொறைய."

"கையிலயா?"

"மெஷினு சுத்தும். புடிக்கறது கையி."

அவர் அவள் வலதுகையை எடுத்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். ஆட்காட்டி விரலில் கம்பி அறுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அந்தக் கையை அவர் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

"நான் பொழச்சிக்கினேன்னு சொன்னது இந்தக் கையாடி?" என்றார். குரல் உடைந்துவிட்டது. மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவரும் அழுதார், அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

ஞானம்மாதான் முதலில் சுதாரித்தாள். அவள் எப்போதும் காரியத்தில் கண்ணானவள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு வந்து நின்றாள்.

"அழுதது போதும். அந்த நம்பர தொடச்சுட்டா போச்சி. சிங்கப்பூர்ல கீற கெழவருக்கு பென்னலூர் கதையெல்லாம் எப்டித் தெரியும்? பாபு, இந்தா."

பாபு துணியை வாங்கினான். எனக்குத் திக்கென்றது, மஞ்சுளாவுக்கும்தான். கப்பல் தொட்டியின் இருட்டும், புகையும், இருமலும் அவன் கண்முன் வந்து போயிருக்கும். யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. துணியைக் காயில் வரைக்கும் கொண்டுபோனான். அப்படியே நிறுத்தினான்.

"நம்பரத் தொடச்சிடலாம் அண்ணி. வார்னிஷக்கூட கறுப்பாக்கிடலாம், எனக்கு வழி தெரியும்" என்றான் மெல்ல. "அந்த மனுசன் கல்லாவத் தொறந்து வெச்சுட்டு என்ன நம்பி வெளிய போவாரு. அவருகிட்ட இத நீட்டி, யாரும் தொடாததுன்னு என் வாயால எப்டி சொல்றது?"

துணியைக் கீழே வைத்துவிட்டான். தகட்டைப் பொருத்தி, ஒவ்வொரு திருகாணியாய்ப் போட்டு முடுக்கினான். துடைத்து, அண்ணன் மடியில் வைத்தான்.

"நீயே வெச்சுக்கண்ணே. எங்க இருக்கணுமோ அங்க இருக்கட்டும்."

"அப்போ உன் கடை?"

"அத வுடு."

"இன்னாத்த வுடறது? அந்தத் தொட்டிக்குள்ள மறுபடி எறங்கப் போறியா நீ?" ராஜாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. புதுக் கிதாரைத் தூக்கி அவன் பக்கம் நகர்த்தினார். "இதயாவது எடுத்துக்கினு போ. அந்தக் கெழவர்கிட்ட குடுத்துட்டு, இதுக்கு பதிலா எனக்கு வேலயக் குடுன்னு கேளு. ரெண்டு கிதார வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"அது உனக்கு வாங்கினதுண்ணே. திருப்பி எடுத்துக்கினு போவ மாட்டேன்."

"ஏண்டா அடம்? வேலைக்கு எப்போ சேரணும் நீ, திங்கக்கெழமயா?"

பாபு ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னான்.

"வேல இல்லண்ணே. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, இனிமே எறங்கக் கூடாதுன்னு அனுப்பிட்டாங்க. கடைசியா கையில குடுத்து அனுப்பின பணத்துலதான் இந்தக் கிதார வாங்கினேன். உன்து கெடைச்சா அங்க போயி பொழச்சிக்கலாம்னு நெனச்சேன்."

சோறு போட எடுத்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள் ஞானம்மா. ராஜாமணி புதுக் கிதாரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மஞ்சுளாதான் கேட்டாள். "ரெண்டு வாரமா கூடவே இருந்தியே சித்தப்பா. ஏன் எங்ககிட்ட சொல்லல?"

பாபு அவளைப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது, ஆனாலும் சிரித்தான்.

"நீ மூணு வருசமா ஏன் சொல்லல கண்ணு?"